கண்ணுக்கு எட்டாத ஒளியில் கரையும் விண்மீன்கள்

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள், இரவு எட்டரை ஒன்பது மணிவாக்கில், தெற்கே மறைப்பில்லாத மொட்டைமாடியாகப் பார்த்து ஏறுங்கள். தெற்கு அடிவானத்துக்கு மேலே, சற்று வலப்புறம் சாய்ந்து, பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். கையை நீட்டி, அதிலிருந்து இடப்பக்கமாக ஒரு சாண் அளந்து, பார்வையைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அதற்கு மேலே நாலு விரல் தள்ளி இன்னொன்று. கீழே இருப்பது காமா வெலோரம், மேலே இருப்பது ஸீட்டா பப்பிஸ். பெயர் தெரியாதவர்கள் இரண்டையும் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படித் தாண்டிப் போகும்படிதான் அவையும் இருக்கின்றன.

நம் கண் புற ஊதா ஒளியைப் பார்க்கும் கண்ணாக இருந்தால் கதையே வேறு. வானத்தில் முதல் வரிசையில் கண்ணைப் பறிக்கும் சில விண்மீன்களில் இவ்விரண்டும் இருக்கும்.

காரணம் வெப்பம். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். அது தரும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவே வருகிறது. ஸீட்டா பப்பிஸின் வெப்பநிலை 40,000 கெல்வின் அளவு. அந்தச் சூட்டில் ஒரு பொருள் உமிழும் ஆற்றலில் நம் கண்ணுக்கு எட்டுவது நூற்றுக்கு இரண்டு பங்குதான். மீதி ஏறக்குறைய முழுவதும் புற ஊதா. சூரியனைவிடச் சில லட்சம் மடங்கு பிரகாசமான ஒரு விண்மீனின் மிச்சம்மீதியைத்தான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த மிச்சம்மீதியை வைத்தே நூறு வருடம் வெப்ப விண்மீன்களைப் படித்தார்கள். நிறையவே கண்டுபிடித்தார்கள். ஆனால் அவற்றின் வாழ்க்கையில் நடக்கும் முக்கியமான விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அவை உயிரோடு இருக்கும்போதே தங்களைத் தாங்களே ஊதி வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன என்பது, புற ஊதா நிறமாலை கையில் கிடைத்த பிறகே சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

கிரகணம் பார்க்க வந்தவர்

விண்மீன் ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் கிடைக்கும் வானவில் பட்டையின், அதாவது நிறமாலையின், குறுக்கே கருங்கோடுகள் விழும். விண்மீனின் மேலடுக்கில் உள்ள தனிமங்கள் தத்தமக்குரிய நிறத்தை விழுங்கிக்கொள்வதன் அடையாளம் அது. 1867-ல் பாரீஸ் வானாய்வகத்தில் ஷார்ல் வுல்ஃபும் ஜார்ஜ் ராயேவும் சிக்னஸ் விண்மீன் குழுவில் மூன்று மங்கலான நட்சத்திரங்களைப் பார்த்தபோது வழக்கம் தலைகீழாக இருந்தது. கருங்கோடுகளுக்குப் பதிலாக அகலமான பிரகாசப் பட்டைகள் தெரிந்தன. அந்த வகைக்கு இன்றுவரை வுல்ஃப்-ராயே விண்மீன்கள் என்றே பெயர்.

இந்த வகையில் வானத்திலேயே மிகப் பிரகாசமானது நம் காமா வெலோரம். பாரீஸிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை, அடிவானத்துக்கு மேலே வராது. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்தது. அதைப் பார்க்க இத்தாலியிலிருந்து வந்த லோரென்சோ ரெஸ்பிகி புதுக்கோட்டையில் தன் கருவியை நிறுத்தினார். காமா வெலோரத்தின் பிரகாசக் கோடுகளை அந்தத் தென்னிந்தியப் பயணத்தில்தான் அவர் பார்த்தார். கிரகணம் சில நிமிடத்தில் முடிந்துபோனது. அந்தக் கோடுகளுக்குச் சரியான விளக்கம் கிடைக்க இன்னும் நூறு வருடம் ஆனது.

மேலே நிற்கும் ஸீட்டா பப்பிஸும் சும்மா இருக்கவில்லை. அதன் நிறமாலையில் 1896-ல் எட்வர்ட் பிக்கரிங் ஒரு புதுக் கோட்டு வரிசையைக் கண்டார், ஹைட்ரஜனின் புது முகம் என்று எண்ணினார். 1913-ல் நீல்ஸ் போர், அது ஹைட்ரஜனே இல்லை, ஓர் எலெக்ட்ரானை இழந்த ஹீலியம் என்று தன் அணு மாதிரியை வைத்துக் காட்டினார். போரின் மாதிரி நிலைபெற உதவிய சான்றுகளில் இதுவும் ஒன்று. கொஞ்ச காலத்தில் மேகநாத் சாஹா, எந்த வெப்பத்தில் எந்த அணு எத்தனை எலெக்ட்ரானை இழக்கும் என்பதற்குச் சமன்பாடே எழுதிவிட்டார். வெப்பமானிகூட வைக்க முடியாத இடத்தின் சூட்டைக் கோடுகளைப் பார்த்தே சொல்லும் வழி அப்படி வந்தது.

ஆனால் நமக்கு வேண்டிய கோடுகள் தரைக்கு வருவதில்லை. சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோன் தடுக்கிறது. 200-க்குக் கீழே ஆக்சிஜனே கதவைச் சாத்திவிடுகிறது. 91.2-க்குக் கீழே போனால் விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடும், அங்கே வளிமண்டலத்தைத் தாண்டியும் பிரயோஜனமில்லை. ஆக 91-லிருந்து 300 வரை ஒரு ஜன்னல். அதைத் திறக்கப் பூமியின் காற்றுக்கு மேலே போக வேண்டும்.

அந்த ஜன்னலில் அப்படி என்ன விசேஷம்? அணுவுக்குள் எலெக்ட்ரான் நிற்கும் இடங்களை ஒரு படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் படிக்கு உயரம் மிக அதிகம், மேலே போகப் போகப் படிகள் நெருங்கிவிடும். மேல்படிகளுக்கு இடையே தாவ, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் போதும். தரையிலிருந்து கிளம்ப வேண்டுமென்றால் கார்பன், நைட்ரஜன், சிலிக்கான் போன்றவற்றின் அயனிகளுக்கு, அதாவது எலெக்ட்ரான் இழந்த அணுக்களுக்கு, பெரும்பாலும் புற ஊதாவின் ஆற்றல் வேண்டும். விண்மீனைச் சுற்றி மெலிந்து பரந்த வாயுவில் மோதல்கள் குறைவு, அதனால் அணுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே தரையில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த மெல்லிய வாயுவை சாதாரண ஒளியில் தேடினால் கண்ணாடியைத் தேடுவது போலத்தான். புற ஊதாவில் அதுவே சுவராக நிற்கும்.

ஒரு கோட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம்

1965 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ஏரோபீ ராக்கெட் ஒன்று கிளம்பியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் மார்ட்டன் குழுவின் நிறமாலைக் கருவி அதில் இருந்தது. இப்படிப்பட்ட ராக்கெட் மேலே போய் விழுவதற்குள் வளிமண்டலத்துக்கு வெளியே கிடைப்பது சில நிமிடம். அதற்குள் ஓரியனின் வெப்ப விண்மீன்களைப் படம் பிடித்தார்கள். நம் ஊரில் மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் என்று குழந்தைகளுக்குக் காட்டுவோமே, அந்த இடுப்புப்பட்டை விண்மீன்கள்தான். படச்சுருளில் பதிந்த கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நீலப் பக்கமாக நகர்ந்திருந்தன, அதுவும் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைக் காட்டும் அளவுக்கு.

அந்தக் கோட்டின் வடிவத்தைப் புரிந்துகொள்ள ஸீட்டா பப்பிஸின் நிறமாலையைத் திறந்து பார்ப்பதே நல்ல வழி. பழைய செயற்கைக்கோள் தரவுகள் எல்லாம் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. முதல்முறை அதை வரைந்து பார்த்தபோது ஃபைல் பழுது என்றே நினைத்தேன், ஏனென்றால் ஓரிடத்தில் வரைகோடு தொப்பென்று விழுந்து பூஜ்யத்தில் தவழ்ந்தது.

இடம் 1,550 ஆங்ஸ்ட்ராம், அதாவது 155 நானோமீட்டர். மூன்று எலெக்ட்ரான்களை இழந்த கார்பனின் இரட்டைக்கோடு அங்கே, 1,548-லும் 1,551-லும். இடமிருந்து வலமாக விரலை ஓட்டுங்கள். 1,535-க்கு முன்பு வரை வரைகோடு மேடுபள்ளத்தோடு சாதாரணமாகப் போகிறது. பிறகு செங்குத்தாகச் சரிகிறது. அடுத்த பத்துப் பதினைந்து ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறக்குறைய முழு இருட்டு, குளத்தின் அடித்தரை போலத் தட்டை. 1,550-ஐ நெருங்கும்போது சட்டென்று மேலே ஏறி, சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த ஒரு திமிலாக நிமிர்ந்து, வலப்பக்கம் மெல்ல இறங்குகிறது.

இந்தப் பள்ளமும் திமிலும் சேர்ந்த வடிவத்துக்கு பி சிக்னி வடிவம் என்று பெயர், 1600-ல் திடீரெனப் பிரகாசமாகிப் பலரைத் திகைக்க வைத்த ஒரு விண்மீனை ஒட்டி. விண்மீனிலிருந்து நாலா பக்கமும் வாயு பாய்ந்துகொண்டிருக்கிறது. நமக்கும் விண்மீனுக்கும் நடுவே உள்ள வாயு நம்மை நோக்கி வருவதால் அது விழுங்கும் ஒளி டாப்ளர் விளைவால் நீலப் பக்கம் நகர்ந்து பள்ளமாகிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள வாயு ஒளியைச் சிதறடித்து நம் பக்கமும் கொஞ்சம் அனுப்புகிறது, அதுதான் திமில். பள்ளத்தின் இடது விளிம்பு எங்கே முடிகிறதோ அதுவே வாயுவின் உச்ச வேகம். 1,548-லிருந்து கிட்டத்தட்ட 12 ஆங்ஸ்ட்ராம் விலகல் என்று வையுங்கள். 12-ஐ 1,548-ஆல் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் வரும். சென்னையிலிருந்து டெல்லியைத் தாண்டி இமயமலை வரை ஒரு நொடி. அளவுகோலும் பெருக்கல் வாய்ப்பாடும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடலாம்.

இதற்கு விண்மீன் காற்று என்று பெயர். சூரியனுக்கும் காற்று உண்டு, ஆனால் ஸீட்டா பப்பிஸோடு ஒப்பிட்டால் அது கொசு மூச்சு. ஸீட்டா பப்பிஸ் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு பூமியின் எடையை வெளியே தள்ளுகிறது, சூரியன் இழப்பதைப் போலப் பத்துக்கோடி மடங்கு அளவில். ஒரு பூமி என்பது அந்தப் பூதத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் லட்சக்கணக்கான வருடம் இப்படியே போனால் கணக்கு சூரியன்களில் வந்து நிற்கும்.

இவ்வளவையும் தள்ளுவது எது? ஒளிதான். ஒளிக்கு எடை இல்லாவிட்டாலும் உந்தம் உண்டு, பட்ட இடத்தில் ஒரு தள்ளு தரும். 1970-ல் லியோன் லூசியும் பிலிப் சாலமனும் இந்தக் கோடுகளே காற்றின் எஞ்சின் என்றார்கள். 1975-ல் காஸ்டர், அபட், கிளைன் மூவரும் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள். ஓர் அயனி தனக்குரிய நிறத்தை மட்டுமே விழுங்கும். கீழே நிற்கும் அயனிகள் அந்த நிறத்தைத் தின்று தீர்த்துவிட்டால் மேலே உள்ளதற்கு என்ன மிச்சம்? தேர்த்திருவிழாக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் மறைத்தால் ஓரடி நகர்ந்துதானே சாமியைப் பார்க்கிறோம். மேலே போகும் அயனி வேகம் கூடக் கூட, டாப்ளர் விளைவால் அது விழுங்கும் நிறமும் நகர்கிறது. இன்னும் யாரும் தொடாத ஒளி கிடைக்கிறது, இன்னொரு தள்ளு, இன்னும் வேகம். கார்பன், நைட்ரஜன், இரும்பு என்று எண்ணிக்கையில் அற்பமான சில அயனிகள் தள்ளு வாங்கி, மோதி மோதி, கூட இருக்கும் ஹைட்ரஜன் ஹீலியம் கூட்டத்தையே இழுத்துக்கொண்டு போகின்றன.

1972-ல் ஏவப்பட்ட கோப்பர்நிகஸ் செயற்கைக்கோள், 80 சென்டிமீட்டர் கண்ணாடியோடு, இந்தக் காற்றில் ஒரு புதிரையும் சேர்த்தது: ஐந்து எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜன். 40,000 கெல்வினில் அந்த அளவுக்கு உரிபட நியாயமில்லை. காற்றுக்குள்ளேயே எக்ஸ் கதிர் எங்கோ பிறக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. 1978 கடைசியில் மேலே போன ஐன்ஸ்டீன் செயற்கைக்கோள் வெப்ப விண்மீன்களிலிருந்து எக்ஸ் கதிர் வருவதைப் பார்த்தே விட்டது. வேகமான அலைகள் மெதுவானவற்றின் முதுகில் மோதி அதிர்ச்சி அலை உண்டாவதுதான் காரணம் என்பது இன்றைய விளக்கம்.

தோல் உரிந்தவர்கள்

இப்போது காமா வெலோரத்துக்கு இறங்கி வரலாம். அது உண்மையில் ஒரு ஜோடி. ஒருவர் வுல்ஃப்-ராயே, மற்றவர் அவரைவிட எடை கூடிய நீல விண்மீன். 78.5 நாளுக்கு ஒருமுறை ஒருவரையொருவர் சுற்றி வருகிறார்கள். நமக்கு ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு தூரம்.

வுல்ஃப்-ராயேயின் காற்று ஸீட்டா பப்பிஸின் காற்றைவிடப் பல மடங்கு அடர்த்தி. நாம் பார்ப்பது அந்தப் புகைமூட்டத்தைத்தான், உள்ளே இருக்கும் விண்மீனின் மேற்பரப்பை இல்லை. 1867-ல் கண்ட அகலப் பட்டைகளுக்கு இதுதான் அர்த்தம், காற்றே ஒளிர்கிறது. புற ஊதாவில் இதன் நிறமாலை அகன்ற மேடுகளாலான மலைத்தொடர் போல இருக்கும். ஹீலியம் 1,640-ல், கார்பன் 1,550-லும் 1,909-லும் 2,297-லும். ஹைட்ரஜன் காணவில்லை.

வெங்காயத்தை உரிப்பது போல என்று சொல்வார்கள், இங்கே அது பொருத்தமான உவமைதான். வெளித்தோல் ஹைட்ரஜன். அது போனால், உள்ளே ஹைட்ரஜனை எரித்த அடுப்பின் சாம்பல்: ஹீலியமும் நைட்ரஜனும். அதையும் உரித்தால் ஹீலியத்தை எரித்த அடுப்பின் சாம்பலான கார்பன். நைட்ரஜன் வகை வுல்ஃப்-ராயே, கார்பன் வகை வுல்ஃப்-ராயே என்ற பிரிவு, எந்தத் தோல்வரை உரிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. நம் காமா வெலோரம் கார்பன் வரை உரிந்தது. இன்றைக்கு ஒன்பது சூரிய எடை அளவில் இருக்கும் அது, பிறந்தபோது முப்பதுக்கு மேல் இருந்திருக்கும் என்பது கணிப்பு.

ஜோடியாக இருப்பதில் ஆராய்ச்சிக்கு ஒரு வசதி. நீலத் துணை பின்பக்கம் போகும்போது அதன் ஒளி வுல்ஃப்-ராயேயின் காற்றை ஊடுருவித்தான் நம்மிடம் வர வேண்டும். மூட்டத்துக்குப் பின்னால் யாரோ டார்ச் அடிப்பது மாதிரி. புற ஊதாக் கோடுகள் 78.5 நாள் தாளத்தில் ஆழமாகி இளைப்பதை அளந்து, காற்று எந்த உயரத்தில் எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்த வேலைகளில் பெரும்பங்கு செய்தது, இன்று பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு செயற்கைக்கோள். பன்னாட்டுப் புற ஊதா ஆய்வுக்கலம், சுருக்கமாக ஐயூஇ. 1978 ஜனவரி 26-ல் ஏவினார்கள். கண்ணாடி 45 சென்டிமீட்டர்தான், இன்று ஆர்வலர்கள் வீட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கிகளில்கூட அந்த அளவு உண்டு. மூன்று வருடம் ஓடினால் போதும் என்று கட்டியது, 1996 செப்டம்பர் 30 வரை, பதினெட்டரை வருடத்துக்கு மேல் ஓடியது. திசை பிடிக்கும் ஆறு சுழல்காட்டிகளில் ஐந்து செத்த பிறகும் மிச்சமிருந்த ஒன்றையும் சூரிய உணரியையும் வைத்து ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் நிறமாலைகள். பூமி சுற்றும் வேகத்திலேயே சுற்றியதால் கட்டுப்பாட்டு அறையோடு எப்போதும் தொடர்பில் இருந்தது. விஞ்ஞானி இயக்குநருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த படத்தைப் பார்த்து, "இன்னும் இருபது நிமிடம் கூட்டுங்கள்" என்று சொல்லலாம். இன்றைய பெரிய கருவிகளில் இந்தச் சுகம் இல்லை.

அதன் உச்சம் 1987 பிப்ரவரி. நம் பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள குட்டி விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிய மேகத்தில் ஒரு சூப்பர்நோவா வெடித்தது, நானூறு வருடத்தில் நமக்கு மிக அருகில் நடந்த வெடிப்பு. அந்த இடத்தில் முன்பு சாண்டுலீக் -69 202 என்ற நீலப் பெருவிண்மீன் இருந்தது. ஆனால் வெடிக்க வேண்டியவை சிவப்புப் பெருவிண்மீன்கள் என்பது அன்றைய பாடம். நீல விண்மீன் வெடித்ததை நம்ப மனம் வரவில்லை. ஐயூஇ உடனே அந்தப் பக்கம் திரும்பியது. வெடிப்பின் புற ஊதா ஒளி சில நாளில் மங்கியதும் பின்னால் வெப்ப விண்மீன்களின் நிறமாலை எட்டிப்பார்த்தது. சாண்டுலீக் உயிரோடுதான் இருக்கிறது என்று முதலில் பேச்சு எழுந்தது. பிறகு பொறுமையாக இடத்தை அளந்தார்கள். தெரிந்த இரண்டும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். சாண்டுலீக் நின்ற இடம் காலி. ஒரு விண்மீன் இல்லாமல் போனதை, வெடிப்பு ஓய்ந்தவுடனேயே புற ஊதாவில் உறுதிசெய்தார்கள்.

அதோடு முடியவில்லை. சில மாதங்களில் அதே இடத்திலிருந்து மெல்லிய, கூர்மையான கோடுகள் எழுந்தன. நைட்ரஜன் வழக்கத்துக்கு மிக அதிகம். வெடிப்பின் ஒளி, அந்த விண்மீன் எப்போதோ கழற்றிப் போட்ட சட்டையைத் தொட்டிருக்கிறது, சட்டையில் உள்ளடுப்பின் சாம்பல் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் அது முன்பு சிவப்பாக ஊதியிருந்து பிறகு நீலமாகச் சுருங்கிய விண்மீன். அந்தக் கோடுகள் ஏறக்குறைய நானூறாவது நாளில் உச்சத்துக்கு வந்ததை வைத்து, விண்மீனைச் சுற்றி வளையமாக நின்ற அந்தச் சட்டையின் அளவையும், பின்னால் ஹப்பிள் எடுத்த படத்தோடு சேர்த்து அந்த மேகத்தின் தூரத்தையும் கணக்கிட்டார்கள்.

பாஸ்பரஸ் சொன்ன திருத்தம்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஸீட்டா பப்பிஸின் கார்பன் கோடு அடிவரை கறுத்திருந்தது என்றேனே, அதுதான் ஓட்டை. நிரம்பி வழியும் குடத்தைப் பார்த்து எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்று சொல்ல முடியுமா? வேகத்தைத் துல்லியமாகச் சொல்லும் அந்தக் கோடு, காற்றின் எடையைப் பற்றி வாய் திறக்காது. எடைக்கு ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டையும் ரேடியோ அலையையும் நம்பினார்கள். அவை அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுபவை. காற்று சீராக இல்லாமல் கட்டி கட்டியாக இருந்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடும்.

1999 ஜூனில் மேலே போன ஃபியூஸ் செயற்கைக்கோள் 90 முதல் 119 நானோமீட்டர் வரை பார்த்தது. அங்கே 1,118, 1,128 ஆங்ஸ்ட்ராமில், நாலு எலெக்ட்ரான் இழந்த பாஸ்பரஸ். கார்பனோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பாஸ்பரஸ் இருக்கும். அந்த ஏழ்மைதான் இங்கே உதவியது. குடம் நிரம்பாது, அளக்கலாம். அதோடு இந்தக் கோடு அடர்த்திக்கு நேர்விகிதமாகப் போகும், வர்க்கமாக இல்லை. 2006-ல் வந்த முடிவு பலரைத் தூக்கிவாரிப் போட்டது. காற்றின் எடை அதுவரை நினைத்ததில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம் என்றது. பிறகு வாதப் பிரதிவாதம் நடந்தது. பெரிய கட்டிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் ஒளி தப்பித்து வந்தாலும் கோடு பலவீனமாகத் தெரியுமே என்றார்கள். இன்று பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம், பழைய கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு குறைவு என்பது.

இது ஏதோ தசமப்புள்ளிச் சண்டை என்று தோன்றலாம். என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பெரிய திருப்பம் இதுதான். காற்று அவ்வளவு பலவீனம் என்றால் வுல்ஃப்-ராயேயின் தோலை உரித்தது யார்? விரல் துணைவிண்மீன் பக்கம் திரும்பியது. பெரிய எடை விண்மீன்களில் ஏறத்தாழ 70 சதவீதம் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் துணையோடு பொருள் கொடுக்கல் வாங்கல் செய்யும் என்று 2012-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. அப்படியானால் துணையால் உரிக்கப்பட்ட, நடுத்தர எடை ஹீலியம் விண்மீன்கள் வானத்தில் நிறைய இருக்க வேண்டும். தேடினால் காணோம். பக்கத்திலிருக்கும் துணையின் ஒளியில் மறைந்துபோவதும் ஒரு காரணம். கடைசியில் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் புற ஊதாப் படங்களில் மெகல்லானிய மேகங்களின் விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்து, புற ஊதா மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருப்பவற்றைப் பொறுக்கி, 2023-ல் 25 பேரை அறிவித்தார்கள். சாதாரண ஒளியில் அடக்கமாக இருந்தவர்களைப் புற ஊதா காட்டிக்கொடுத்தது.

இதே உத்தியில் நம் நாட்டுக் கருவிக்கும் பங்கு உண்டு. 2015 செப்டம்பரில் ஏவிய அஸ்ட்ரோசாட்டில், பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது, 38 சென்டிமீட்டர் கண்ணாடிகள் இரண்டு. என்ஜிசி 188 என்ற பழைய விண்மீன் கூட்டத்தில், வயசுக்குப் பொருந்தாத இளமையோடு நீலமாக நின்ற ஒரு விண்மீனை அன்னபூரணி சுப்ரமணியம் குழு அதில் பார்த்தது. அதன் அருகே 17,000 கெல்வினில் ஒரு துணை ஒளிந்திருந்ததை 2016-ல் அறிவித்தார்கள். துணையின் பொருளை வாங்கிக்கொண்டுதான் அந்த இளமை.

ஹைட்ரஜன் தொலைத்தவர்களில் இன்னும் விசித்திரமான கிளை ஒன்று உண்டு. 1942-ல் டேனியல் பாப்பர் கண்ட எச்டி 124448, ஏறக்குறைய முழுவதும் ஹீலியத்தாலான விண்மீன். இவை எடை குறைந்தவை, காமா வெலோரத்தின் சாதி இல்லை. எரிந்து முடிந்த விண்மீன்களின் சுருங்கிய மிச்சமான வெள்ளைக் குறுமீன்கள் இரண்டு, சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றில் ஒன்று கரைந்து பிறந்தவை என்பதே இன்று பலமான கருத்து. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் என். காமேஸ்வர ராவும் கஜேந்திர பாண்டேயும் பல வருடம் இவற்றின் பின்னால் அலைந்தவர்கள். ஹப்பிளின் புற ஊதா நிறமாலையில் இட்ரியமும் சிர்கோனியமும் சில விண்மீன்களில் தேவைக்கு மிக அதிகமாக இருப்பதைக் காட்டியதில் அவர்களுக்குப் பங்குண்டு. கரைவதற்கு முன்பு அந்த விண்மீன்கள் வாழ்ந்த வாழ்க்கையின் ரசீது அது. சூடு என்று பார்த்தால் எச்1504+65 என்ற வெள்ளைக் குறுமீனை மிஞ்ச ஆள் குறைவு, 2,00,000 கெல்வின் அளவு. அதில் ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை, கார்பனும் ஆக்சிஜனும்தான். வெங்காயத்தின் நடுக்குருத்து.

ஜன்னல் யார் கையில்

ஃபியூஸ் 2007-ல் நின்றது. அஸ்ட்ரோசாட்டின் அண்மைப் புற ஊதாப் பிரிவு 2018-ல் செயலிழந்தது. விண்மீன் புற ஊதாவைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் பெரிய கருவி என்று இன்று கையில் இருப்பது ஹப்பிளில் உள்ள இரண்டு. அவற்றில் ஒன்று 2004-ல் பழுதாகி, 2009-ல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தது. அப்படிப் போய்வர இப்போது வாகனம் இல்லை. 2024 ஜூனிலிருந்து ஹப்பிள் ஒரே சுழல்காட்டியில் ஓடுகிறது, ஐயூஇயின் கடைசி நாட்களைப் போல. ஜேம்ஸ் வெப் அகச்சிவப்புக்குக் கட்டியது, இந்தப் பக்கம் திரும்பாது.

இந்த நெருக்கடி தெரிந்துதான் 2020-லிருந்து ஹப்பிள் பூமியைச் சுற்றும் சுற்றுகளில் ஏறக்குறைய ஆயிரத்தை யுலிசஸ் என்ற ஒரே திட்டத்துக்கு ஒதுக்கினார்கள். அதில் பாதி வெப்ப விண்மீன்களுக்கு, முக்கியமாக இரண்டு மெகல்லானிய மேகங்களில். சிறிய மேகத்தில் இரும்பு, கார்பன் வகையறா நம் சூரியனில் இருப்பதில் ஐந்தில் ஒன்றுதான். தள்ளு வாங்கும் அயனிகள் குறைந்தால் காற்று எவ்வளவு இளைக்கும்? இளைத்தால், வெடிக்கும்போது எவ்வளவு எடை மிஞ்சும், எத்தனை சூரிய எடைக்குக் கருந்துளை விழும்? ஈர்ப்பு அலைகளில் முப்பது சூரிய எடைக் கருந்துளைகள் மோதும் சத்தம் கேட்ட பிறகு இந்தக் கேள்விக்கு அவசரம் கூடியிருக்கிறது. நிறமாலைகள் எல்லாம் பொதுக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸீட்டா பப்பிஸின் 1,550-ஐப் பார்த்த அதே அளவுகோலோடு சிறிய மேகத்து விண்மீனின் 1,550-ஐப் பார்த்தால், ஒரே வெப்பத்தில் இருக்கும் இருவரின் பள்ளமும் ஒரே ஆழமில்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்த புற ஊதாக் கலமாக நாசா 2024-ல் தேர்ந்தெடுத்த யூவெக்ஸ், 2030-ல் ஏவத் திட்டம். அதுவரை ஹப்பிளின் அந்த ஒற்றைச் சுழல்காட்டி தாங்க வேண்டும்.